கோழித் தீவன ப்ரீபயாடிக் பொடிகள்: எதை வாங்கலாம், எதை விடலாம்

குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாகத் தீவனத்தில் கலக்கும் சர்க்கரைச் சங்கிலிப் பொடியைத்தான் பெரும்பாலும் ப்ரீபயாடிக் என்கிறார்கள். அப்படி எழுதிய எந்த மூட்டையை எடுத்தாலும் அட்டையில் இருப்பது ஏறக்குறைய ஒரே வாசகம்தான். குடல் நலம் கூடும், எடை சீராக வரும், எஃப்சிஆர் (ஒரு கிலோ எடைக்குத் தின்னும் தீவன அளவு) இறங்கும், ஆன்டிபயாடிக் தேவைப்படாது. பிரித்துப் பார்த்தால் ஒன்றில் ஈஸ்ட்டின் செல்சுவர் இருக்கும், இன்னொன்றில் சிக்கரிக் கிழங்கிலிருந்து எடுத்த இன்யூலின், வேறொன்றில் மக்காச்சோளச் சக்கையிலிருந்து எடுத்த எக்ஸ்ஓஎஸ். இவை குடலில் செய்யும் வேலை வேறு, போட வேண்டிய அளவு வேறு, சொதப்பும் விதமும் வேறு. பெயரை நம்பி வாங்குகிறவருக்குப் பாதி நேரம் பணம் எச்சத்தோடு போய்விடுகிறது. உள்ளே இருக்கும் சர்க்கரைச் சங்கிலி எது, நம் கொட்டகையில் இருக்கும் கோளாறு எது என்று இரண்டையும் பொருத்திப் பார்த்து வாங்கினால் இந்தப் பொடிகள் உண்மையிலேயே உதவுகின்றன. அந்தக் கண்ணோட்டத்தில்தான் இங்கே நான்கு வகைகளையும் எடை போட்டிருக்கிறோம்.

முதலில் கோழியின் குடலைப் பற்றி ஒரு விஷயம். தின்ற தீவனம் நான்கைந்து மணி நேரத்தில் எச்சமாக வெளியேறத் தொடங்கிவிடும். மாடு போல அசைபோட்டு ஊற வைக்க நேரமே இல்லை. நொதித்தல் என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் நடப்பது சிறுகுடல் முடியும் இடத்தில் இரண்டு பைகளாக இருக்கும் சீக்கா என்ற குருட்டுக்குடலில். அதன் வாசலில் குடலுறிஞ்சிகள் அடர்ந்து நிற்பதால் நீரில் கரைந்தவையும் மிக நுண்ணிய துகள்களும் மட்டுமே உள்ளே நுழையும். கரடான நார் நேரே வெளியே போய்விடும். உள்ளே போனதைத் தின்னக் காத்திருக்கும் பாக்டீரியா ஒரு கிராமுக்குப் பத்தாயிரம் கோடி வரை இருக்கும். அவை கரையும் நாரை நொதிக்க வைத்துப் பியூட்டிரேட், அசிட்டேட், புரோப்பியோனேட் ஆகிய அமிலங்களைத் தருகின்றன. இதில் பியூட்டிரேட்தான் குடல்சுவர் செல்களுக்கு நேரடி எரிபொருள். செல்களுக்கு இடையிலான இணைப்பு இறுக்கமாக இருக்கவும் அதுவே உதவுகிறது. ஆகவே சீக்காவை நம்பும் பொடி நீரில் கரைய வேண்டும். கரையாத பொடி வேலை செய்தாலும் அது வேறு வழியில்தான்.

ஈஸ்ட் செல்சுவர்

சந்தையில் எம்ஓஎஸ் (மன்னான் ஒலிகோசாக்கரைடு) என்று விற்பது பெரும்பாலும் இதுதான். சாக்கரோமைசஸ் செரவிசியே ஈஸ்ட்டின் உள்ளிருப்பை நீக்கி, சுவரை மட்டும் உலர்த்தி எடுத்த பழுப்பு மஞ்சள் பொடி. சுவரின் வெளிப்பக்கம் மன்னான், உட்பக்கம் பீட்டா குளுக்கான். 1995இல் கிளென் கிப்சனும் மார்செல் ராபர்ஃப்ராய்டும் ப்ரீபயாடிக் என்ற சொல்லுக்குத் தந்த விளக்கத்தை அப்படியே வைத்துப் பார்த்தால் இது முழுமையாகப் பொருந்தாது. நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாவது இதன் முக்கிய வேலை அல்ல. ஈ.கோலை, சால்மோனெல்லா போன்றவற்றின் உடலில் டைப் 1 ஃபிம்பிரியே எனப்படும் நுண்ணிய இழைகள் உண்டு. அவை குடல்சுவரில் இருக்கும் மன்னோஸ் சர்க்கரையைப் பிடித்துத்தான் ஒட்டுகின்றன. தீவனத்தில் வரும் மன்னானில் அந்த இழைகள் ஒட்டிக்கொண்டால் கிருமி குடலில் இடம் பிடிக்காமல் எச்சத்தோடு வெளியேறுகிறது. குளுக்கான் பகுதி மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்பு செல்களைத் தூண்டுகிறது.

இந்தப் பொறிமுறை தெரிந்தால் எங்கே பயன் கிடைக்கும் என்பதும் தெரிந்துவிடும். முதல் வாரத்தில் தொப்புள் அழற்சி, ஈ.கோலை சாவு, மலவாய் ஒட்டிய குஞ்சுகள் என்று தொடர்ந்து தொந்தரவு இருக்கும் பண்ணைக்கு முதலில் வாங்க வேண்டியது இதுதான். மூன்றாம், நான்காம் வாரத்தில் கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் கிளப்பும் குடல் அழுகல்தான் பிரச்சினை என்றால் இதை மட்டும் நம்பக்கூடாது. அந்தக் கிருமிக்கு மன்னோஸைப் பிடிக்கும் டைப் 1 இழை கிடையாது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது ரத்தக்கழிச்சல் கட்டுப்பாடு. ரத்தக்கழிச்சல் ஒட்டுண்ணியான ஐமீரியா குடல்சுவரைக் காயப்படுத்திய பிறகுதான் கிளாஸ்டிரிடியம் பெரும்பாலும் கிளம்புகிறது.

அளவு: கறிக்கோழிக்கு ஸ்டார்ட்டர் எனும் தொடக்கத் தீவனத்தில் டன்னுக்கு 2 கிலோ, குரோவர் எனும் வளர்பருவத் தீவனத்தில் 1 கிலோ, ஃபினிஷர் எனும் கடைசிக் கட்டத் தீவனத்தில் அரை கிலோ என்று படிப்படியாக இறக்குவது நன்கு பழகிய முறை. கடைசிக் கட்டம் வரை 2 கிலோவையே போட்டுக்கொண்டிருப்பதில் கூடுதல் லாபம் தெரிவதில்லை. தீவனத்தைக் குச்சியாக அழுத்தும் முன் ஆவியில் சூடாக்கும் பெல்லட் கண்டிஷனரின் 80 முதல் 85 டிகிரி சூட்டை எளிதாகத் தாங்கும். பீட்டா குளுக்கான் தொடர்ந்து அதிகம் போனால் தீவனத்தின் ஒரு பங்கு வளர்ச்சிக்குப் போகாமல் எதிர்ப்பு சக்திக்குச் செலவாகலாம் என்பதால், கிலோக் கணக்கைத் தாராளமாகக் கூட்டுவது நல்லதல்ல.

வாங்கும்போது லேபிளில் புரதத்தைப் பாருங்கள். 40 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது செல்சுவர் அல்ல, முழு ஈஸ்ட். மோசமான பொருள் இல்லை, ஆனால் அதைச் செல்சுவர் விலைக்கு வாங்கத் தேவையில்லை. மன்னான் எத்தனை சதவீதம், குளுக்கான் எத்தனை சதவீதம் என்று தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். இரண்டும் தலா 20 சதவீதத்தை ஒட்டியாவது இருந்தால்தான் மேலே சொன்ன கிலோக் கணக்கு பொருந்தும். இன்னொன்று: இதே செல்சுவர், பூஞ்சை நச்சைப் பிடிக்கும் டாக்சின் பைண்டர் என்ற பெயரிலும் விற்கிறது. பைண்டரில் ஏற்கெனவே செல்சுவர் இருந்தால், அதன் அளவைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் போட்டால் போதும். இரண்டு மூட்டையிலும் ஒரே பொருளுக்குப் பணம் கொடுக்கும் பண்ணைகள் நிறைய.

எங்கள் மதிப்பீட்டில் நான்கில் முதலிடம் இதற்கே. கலப்பது எளிது, அளவு கொஞ்சம் தவறினாலும் எச்சம் இளகாது, எங்கே பயன்படும் என்பதைத் தெளிவாகச் சொல்ல முடிகிறது.

எக்ஸ்ஓஎஸ்

சைலோ ஒலிகோசாக்கரைடு. சைலோஸ் சர்க்கரை இரண்டு முதல் ஏழு வரை கோத்த குட்டைச் சங்கிலி. இது நீரில் நன்றாகக் கரையும், கோழியின் சொந்த நொதிகளால் உடையாது, நேரே சீக்காவுக்குப் போகும். அங்கே நார் தின்னும் பாக்டீரியாக்களைப் பழக்கி, பியூட்டிரேட் தரும் கூட்டத்தை வளர்க்கிறது. தீவனமாக இருப்பதைவிட, மற்ற நாரையும் உடைக்கச் சொல்லித் தரும் தூண்டுகோலாக இருப்பதே இதன் சிறப்பு. அதனால்தான் மிகச் சிறிய அளவே போதுமானது: டன்னுக்கு 100 முதல் 500 கிராம்.

சிக்கலும் அந்தச் சிறிய அளவில்தான் இருக்கிறது. எக்ஸ்ஓஎஸ் 35, 70, 95 சதவீதம் என்று பல தரங்களில் வருகிறது. மீதி மால்ட்டோடெக்ஸ்ட்ரின் போன்ற நிரப்பி. 95க்கு எழுதிய 100 கிராமை 35இல் போட்டால் உள்ளே போவது மூன்றில் ஒரு பங்குக்கு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். வாங்கியவர் பலன் இல்லை என்று பொடியைக் குறை சொல்வார். அடுத்த சிக்கல் கலவை. 100 கிராமை நேராக மிக்ஸரில் கொட்டினால் சில கோழிகளுக்கு நிறையப் போகும், பலவற்றுக்கு ஒன்றுமே போகாது. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

பலன் உடனே தெரியாது. பாக்டீரியாக் கூட்டம் மாற வாரக்கணக்கில் ஆகும் என்பதால் முதல் நாளிலிருந்தே தர வேண்டும். 25ஆம் நாளில் எச்சம் இளகிய பிறகு ஆரம்பித்து 35ஆம் நாளில் முடிவு எதிர்பார்ப்பது வீண். தீவனத்தில் சைலனேஸ் நொதி ஏற்கெனவே சேர்க்கிறீர்கள் என்றால், அந்த நொதி தானியத்தின் அராபினோசைலான் என்ற நாரை உடைத்துக் குடலுக்குள்ளேயே கொஞ்சம் எக்ஸ்ஓஎஸ் உண்டாக்குகிறது. கோதுமை அதிகமான தீவனத்தில் இது கணிசமாக நடக்கும். அங்கே முதலில் நொதியின் அளவைச் சரிபார்த்துவிட்டு, பிறகு எக்ஸ்ஓஎஸ் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். மக்காச்சோளம், சோயா அடிப்படையிலான தீவனத்தில் இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. இதற்கு இரண்டாம் இடம். கலவை ஒழுங்காகச் செய்யும் தீவன ஆலையாக இருந்தால் முதலிடம்கூடத் தரலாம்.

இன்யூலினும் எஃப்ஓஎஸ்ஸும்

இரண்டும் ஃபிரக்டோஸ் சங்கிலிகள். இன்யூலின் நீளம், எஃப்ஓஎஸ் (ஃபிரக்டோ ஒலிகோசாக்கரைடு) குட்டை. மனிதர்களுக்கான ஆய்வுகளில் மிக அதிகம் பேசப்படுவது இவைதான், அந்தப் புகழை வைத்தே கோழித் தீவனத்திலும் விற்கிறார்கள். லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபேக்டீரியம் இரண்டையும் வளர்க்கும் என்பது உண்மை. ஆனால் கோழியின் சீக்காவை ஆள்வது பிஃபிடோபேக்டீரியம் அல்ல, லாக்னோஸ்பிரேசி, ரூமினோகாக்கேசி குடும்பங்கள்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. சோயா புண்ணாக்கில் ராஃபினோஸ், ஸ்டாகியோஸ் என்ற ஒலிகோசாக்கரைடுகள் 4 முதல் 6 சதவீதம் இயல்பாகவே உண்டு. அவற்றை உடைக்கும் ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் நொதி கோழியின் சிறுகுடலில் இல்லை, அவை அப்படியே பின்குடலில் நொதிக்கின்றன. டன்னுக்கு 300 கிலோ புண்ணாக்கு போட்டால் சுமார் 15 கிலோ நொதிக்கும் சர்க்கரை நீங்கள் கேட்காமலேயே உள்ளே போய்விடுகிறது. அதன் மேல் 5 முதல் 10 கிலோ இன்யூலின் கொட்டுவது ஏற்கெனவே நிறைந்திருக்கும் சீக்காவில் மேலும் திணிப்பது. விளைவு வாயு, நுரைத்த எச்சம், கொட்டகைத் தரையில் விரித்த கூளம் ஈரமாவது. புண்ணாக்கு அதிகமுள்ள ஸ்டார்ட்டரில் இது சீக்கிரம் தெரியும். போட்டே ஆக வேண்டும் என்றால் எஃப்ஓஎஸ் டன்னுக்கு 2 கிலோவில் தொடங்கி எச்சத்தைப் பார்த்துக் கூட்டுங்கள். 5 கிலோவைத் தாண்ட வேண்டாம்.

எஃப்ஓஎஸ்ஸைக் குடிநீரில் கலக்கச் சொல்லும் விற்பனையாளர்களும் உண்டு. நிப்பிள் குழாயில் சர்க்கரை நீர் நின்றால் உட்சுவரில் பாக்டீரியாப் படலம் வழவழவென்று படியும், நிப்பிள் அடைக்கும், அப்புறம் எந்தத் தீவனம் போட்டாலும் குடல் தேறாது. தண்ணீரில் கொடுத்தே தீர வேண்டிய நிலை வந்தால் சில மணி நேரத்துக்குள் குடித்து முடிகிற அளவு மட்டும் கலந்து, முடிந்ததும் குழாயை அழுத்தத்தோடு கழுவி விடுங்கள். அமிலப்படுத்திய தண்ணீரில் கலக்கவே கூடாது. அமிலமும் சூடும் சேர்ந்தால் சங்கிலி உடைந்து வெறும் ஃபிரக்டோஸ் ஆகிவிடும்.

கறிக்கோழிக்கு இவற்றைப் பரிந்துரைக்க மாட்டோம்.

கூட்டுக் கலவை மூட்டைகள்

எம்ஓஎஸ், எஃப்ஓஎஸ், பீட்டா குளுக்கான், சில புரோபயாடிக் (உயிருள்ள நல்ல பாக்டீரியா), கொஞ்சம் அமிலம், கொஞ்சம் மூலிகை என்று எல்லாம் ஒன்றாகப் போட்டு, எதன் அளவும் எழுதாமல் வரும் மூட்டைகளை விட்டுவிடலாம். எழுதியிருந்தால் மட்டும் பேசலாம். இவற்றில் உருப்படியானது, குஞ்சு வந்த முதல் வாரத்துக்கான புரோபயாடிக் சேர்ந்த வகை. காரணம் இருக்கிறது. பொரிப்பகத்துக் குஞ்சு தாய்க்கோழியின் எச்சத்தைப் பார்ப்பதே இல்லை, அதன் குடல் ஏறக்குறைய காலியாக வருகிறது. 1973இல் பின்லாந்தின் நூர்மியும் ரன்தாலாவும் வளர்ந்த கோழியின் குடல் பாக்டீரியாவை ஒருநாள் குஞ்சுகளுக்குக் கொடுத்து, அவை சால்மோனெல்லாவை எதிர்ப்பதைக் காட்டினார்கள். தின்ன ஆளே இல்லாத குடலில் ப்ரீபயாடிக் மட்டும் போட்டுப் பயன் குறைவு. ஆகவே முதல் ஏழு நாள் இரண்டும் சேர்த்துத் தருவதில் அர்த்தம் உண்டு. பெல்லட் தீவனம் என்றால் அதில் இருப்பது சூட்டைத் தாங்கும் பேசில்லஸ் ஸ்போர்தானா என்று கேளுங்கள். லாக்டோபேசில்லஸ் கண்டிஷனர் சூட்டில் செத்துவிடும்.

மூட்டையைச் சோதிப்பது

ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் முன் மேசையிலேயே பாதி தெரிந்துவிடும். ஒரு கண்ணாடித் தம்ளரில் 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து 5 கிராம் பொடியைப் போட்டுக் கலக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். எஃப்ஓஎஸ், எக்ஸ்ஓஎஸ் தெளிவாகக் கரைந்துவிடும். இன்யூலினும் பெரும்பாலும் கரையும். செல்சுவர் கரையாது, கலங்கி மெல்ல அடியில் படியும், ஈஸ்ட் வாசனை வரும். செல்சுவர் என்று வாங்கியது முழுதாகக் கரைந்தாலோ, எஃப்ஓஎஸ் என்று வாங்கியது அடியில் மணலாக நின்றாலோ விற்றவரைக் கேட்க வேண்டியதுதான். அடியில் தங்கிய வண்டலில் வினிகர் விடுங்கள். சடசடவென்று நுரைத்தால் சுண்ணாம்புக்கல் நிரப்பி. ஒரு சொட்டு அயோடின் விட்டுக் கருநீலம் வந்தால் மாவுச்சத்து, செம்பழுப்பு வந்தால் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்று சந்தேகிக்கலாம். நிரப்பி இருப்பதே குற்றமில்லை. எத்தனை சதவீதம் என்று சொல்லாமல் இருப்பதுதான் குற்றம்.

லாபக் கணக்கு

செல்சுவரைப் பற்றி 1993 முதல் 2003 வரை நடந்த கறிக்கோழிச் சோதனைகளைத் தொகுத்து 2004இல் வந்த பகுப்பாய்வில் எடை ஏறத்தாழ 1.6 சதவீதம் கூடியது, எஃப்சிஆர் ஏறத்தாழ 2 சதவீதம் இறங்கியது. எதிர்பார்ப்பை இந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள். 10 சதவீதம் என்று சொல்கிறவரிடம் வாங்காதீர்கள்.

2.2 கிலோ எடைக் கோழி, எஃப்சிஆர் 1.60 என்றால் அது தின்பது 3.52 கிலோ. 1.57க்கு இறங்கினால் ஒரு கோழிக்கு மிச்சம் 66 கிராம். ஒரு டன் தீவனம் 284 கோழிக்கு வரும், ஆக டன்னுக்கு மிச்சம் சுமார் 19 கிலோ தீவனம். ஒரு டன்னில் போடும் பொடியின் விலை இந்த 19 கிலோ தீவனத்தின் விலையைத் தாண்டினால் நஷ்டம். டன்னுக்கு 1 கிலோ போடும் பொடி, கிலோவுக்குத் தீவன விலையைப் போல 19 மடங்குக்குள் இருக்க வேண்டும். 2 கிலோ போடுவது என்றால் ஒன்பதரை மடங்குக்குள். சாவு குறைவது இதற்கு மேல் வரும் லாபம். கூளம் உலர்ந்து, தண்ணீர் சுத்தமாக, சாவு ஏற்கெனவே குறைவாக இருக்கும் கொட்டகையில் இந்த 2 சதவீதம்கூட வராமல் போகலாம், ஏனென்றால் பொடி சரிசெய்ய வேண்டிய கோளாறே அங்கே இல்லை.

சோதித்துப் பார்க்க விரும்பினால் ஒரே கொட்டகையில் ஒரே தாய்மந்தைக் குஞ்சுகளை அடைப்புகளாகப் பிரித்து, பொடி உள்ளதும் இல்லாததும் மாறி மாறி வருமாறு வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஆறு அடைப்பு. கொட்டகையை இரண்டாக வெட்டி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று ஒப்பிட்டால் தெரிவது பெரும்பாலும் காற்றோட்ட வித்தியாசம்தான். போன பேட்சோடு ஒப்பிடுவது அதைவிட மோசம். பருவம், குஞ்சு, சோளம் எல்லாமே மாறியிருக்கும்.

கலப்பது

டன்னுக்கு 1 கிலோவுக்குக் கீழே போகும் எதையும் படிப்படியாக விரிக்க வேண்டும். 100 கிராம் எக்ஸ்ஓஎஸ் என்றால் முதலில் 1 கிலோ நைசாக அரைத்துச் சலித்த மக்காச்சோள மாவில் கையால் நன்றாகப் பிசறுங்கள். அதை 10 கிலோ மாவில் கலக்குங்கள். பிறகு மிக்ஸரில் பாதி மூலப்பொருள் விழுந்தபின் நடுவில் தூவி, மீதியைப் போடுங்கள். எண்ணெய் விடும் முன் இரண்டு மூன்று நிமிடம் உலர்கலவை ஓட வேண்டும். எண்ணெய் முதலில் விழுந்தால் பொடி அதில் ஒட்டி உருண்டை பிடிக்கும். அந்த உருண்டை உடையவே உடையாது. மிக்ஸர் சரியாக ஓடுகிறதா என்று பத்து இடத்தில் மாதிரி எடுத்து உப்பின் அளவைச் சோதியுங்கள். மாதிரிக்கு மாதிரி எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் வேறுபாட்டுக் கெழு 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது.

வேலை செய்கிறதா என்று பார்ப்பது

தராசுக்கு முன்பே எச்சம் சொல்லிவிடும். குடல் எச்சம் உருண்டு திரண்டு, மேலே வெள்ளை யூரிக் அமிலத் தொப்பியோடு இருக்க வேண்டும். எட்டு பத்து எச்சத்துக்கு ஒன்று சீக்கா எச்சம். அது அடர் பழுப்பில், பசையாக, நாற்றத்தோடு வருவதே இயல்பு, அதைப் பார்த்துக் கழிச்சல் என்று பயந்து மருந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கவலைப்பட வேண்டியது சீக்கா எச்சம் வெளிர்மஞ்சளாகி நுரைத்து வரும்போது. ஃபிரக்டோஸ் பொடி போட்ட மந்தையில் இது தெரிந்தால் அளவைப் பாதியாக்குங்கள்.

வாரம் ஒருமுறை, மந்தையிலிருந்து கழித்து ஒதுக்கும் கோழிகளில் இரண்டு மூன்றை அறுத்துப் பாருங்கள். சிறுகுடலை நீளவாக்கில் வெட்டியதும் ஓரங்கள் தாமாக வெளிப்பக்கம் சுருண்டு மடிய வேண்டும், அதுதான் சுவரில் வலு இருக்கிறது என்பதற்கு அடையாளம். வெட்டிய குடல் துவண்டு தட்டையாகக் கிடந்தால், சுவர் மெலிந்து உள்ளிருப்பது வெளியே தெரிந்தால், காற்றடைத்து உப்பியிருந்தால் அங்கே ப்ரீபயாடிக்கை நம்பி நாள் கடத்தாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். கூளத்தை ஒரு பிடி எடுத்து இறுக்கிவிட்டுக் கையை விரியுங்கள். லேசாக ஒட்டி உதிர்ந்தால் ஈரம் சரி, உருண்டையாக நின்றால் அதிகம். அந்த ஈரம் தீவனத்தால் வந்ததா, ஒழுகும் நிப்பிளால் வந்ததா என்று பார்க்காமல் பொடியை மாற்றக்கூடாது.

சிகிச்சைக்காக ஆன்டிபயாடிக் ஓடும் நாட்களில் எக்ஸ்ஓஎஸ், எஃப்ஓஎஸ் போடுவது வீண்செலவு, தின்ன வேண்டிய பாக்டீரியாவையும் மருந்து கொல்கிறது. செல்சுவரைத் தொடரலாம். மருந்து முடிந்த மறுநாள் புரோபயாடிக்கோடு சேர்த்து மீண்டும் தொடங்குங்கள். மோனென்சின், சாலினோமைசின் போன்ற ரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்துகளோடு இந்தப் பொடிகள் மோதுவதில்லை, அவற்றை இதற்காக நிறுத்தவும் கூடாது.

எஃப்ஓஎஸ், இன்யூலின், எக்ஸ்ஓஎஸ் மூன்றும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டும். பிரித்த பையை அன்றே தீர்க்க முடியாவிட்டால் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றுங்கள், தரையில் வைக்காதீர்கள். ஒவ்வொரு பேட்சிலிருந்தும் 100 கிராம் எடுத்து, பேட்ச் எண்ணும் தேதியும் எழுதி, அந்தத் தீவனம் தின்ற மந்தை விற்றுப் போகும் வரை மூடி வையுங்கள். தகராறு வந்தால் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப அதுதான் இருக்கும்.